பனி போன தேதி

சாலவாக்கம் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிக்கும் கிரஷருக்கும் பஞ்சமில்லை. உத்திரமேரூர்ப் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் போகிற டிப்பர் லாரிகளில் முக்கால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. குவாரியின் விளிம்பில் நின்று பார்த்தால் மேலே செம்மண், அதற்குக் கீழே கையால் நொறுக்கக்கூடிய கிராவல், அதையும் வழித்துப் போட்டால் நீலம் பாய்ந்த கருங்கல். புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்று அழைக்கும் இந்தக் கல் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது. கட்டடத்துக்கு இதைவிட உறுதியான ஜல்லி கிடைக்காது என்பது மேஸ்திரிகளின் கணிப்பு. அதில் புவியியலுக்கும் மறுப்பில்லை.

இந்தக் கருங்கல் தன் ஆயுளின் ஒரு கட்டத்தில் தென் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு, இலங்கை, கிழக்கு அண்டார்க்டிகா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. இன்றைய வங்காள விரிகுடா அன்று கிடையாது. இந்தியாவின் கிழக்கு விளிம்பு நேராக அண்டார்க்டிகாவில் முட்டியது. அந்த நிலத்தின் பெரும்பகுதியில் பனிப்பாளங்கள் மாறி மாறிப் படர்ந்தன, பிறகு விலகின. எப்போது விலகின?

கேட்பதற்கு எளிய கேள்வி. இதற்கு 170 ஆண்டுகளாக விடை தேடுகிறார்கள். விடை இருக்கிறது, ஓரளவுக்கு நல்ல விடைதான். ஆனால் உலகில் பழம்பனியின் தடயத்தை முதலில் அடையாளம் கண்ட இடங்களில் ஒன்றான இந்தியாவுக்கு, அந்தப் பனி போன தேதி மட்டும் இன்றுவரை வெளியூரிலிருந்துதான் வருகிறது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, பனி விட்டுப்போன கல்லை எப்படி இனங்காண்பது, அதன் வயதை எப்படிக் கணிப்பது என்ற இரண்டு வேலைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஏமாற வழி இருக்கிறது.

முதல் ஏமாற்றத்துக்கு உதாரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். மாமல்லபுரத்தில் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையை ஒரு சுவிஸ் நாட்டுக்காரரிடம் காட்டினால், பனியாறு தூக்கி வந்து இறக்கிய கல் என்று அவர் சட்டென்று சொல்லக்கூடும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அப்படி நிற்கும் கற்கள் எல்லாம் உண்மையிலேயே பனி சுமந்து வந்தவை. அவற்றைப் பார்த்துத்தான் 1830களில் லூயி அகாசி பனியுகம் என்ற கருத்தை ஊன்றினார். மாமல்லபுரத்துக் கல்லோ எங்கிருந்தும் வரவில்லை. தரைக்கடியில் கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் ஓடும். நீர் அந்த வெடிப்புகள் வழியே இறங்கி, மூலைகளை முதலில் அரித்து, ஏடு ஏடாக உரித்து, நடுவில் உருண்டையான கல்லை மிச்சம் வைக்கும். சுற்றியிருந்த மக்கல் மண் மழையில் கழுவிப் போனதும் உருண்டை வெளியே தெரியும். அடியிலுள்ள பாறையும் மேலிருக்கும் உருண்டையும் ஒரே இனம். பனி கொண்டுவந்த கல்லுக்கும் அது உட்கார்ந்திருக்கும் பாறைக்கும் பெரும்பாலும் உறவே இருக்காது. சாலவாக்கத்துக் குவாரிகளில் கிராவலுக்கு நடுவே உருண்டையாகச் சிக்கும் கற்களும் இந்த வெண்ணெய் உருண்டையின் பங்காளிகள்தான்.

உருண்டை என்பது சாட்சியமாகாது. பெரிய கல் என்பதும் ஆகாது. அப்படியானால் எது?

இந்தக் கேள்விக்கு விடை ஒடிசாவின் தால்சேரில் கிடைத்தது. 1856இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இளைஞர்கள் மூவர், வில்லியம் பிளான்ஃபோர்டு, அவருடைய சகோதரர் ஹென்றி பிளான்ஃபோர்டு, வில்லியம் தியோபால்டு, நிலக்கரி தேடி அங்கே போயிருந்தார்கள். நிலக்கரி அடுக்குகளுக்கெல்லாம் கீழே, அடித்தளப் பாறைக்கு நேர்மேலே, ஒரு விசித்திரமான படுகை இருந்தது. மைபோல் நுணுக்கமான பச்சைக் களிமண். அதற்குள்ளே முஷ்டி அளவிலிருந்து பல அடி விட்டம் வரை கிரானைட்டும் நைஸும் தாறுமாறாகப் பதிந்திருந்தன.

இதில் முரண் என்ன என்று கேட்கலாம். ஆற்றுநீர் வேகமாக ஓடினால் பாறாங்கல்லை உருட்டிவரும்; ஆனால் அந்த வேகத்தில் மெல்லிய களி தங்காது, அடித்துக்கொண்டு போய்விடும். நீர் அசையாமல் நின்றால் களி படியும். ஆனால் பாறாங்கல் வந்து சேராது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் படிந்திருக்கின்றன என்றால் கல்லைச் சுமந்தது நீர் அல்ல. நீரில் மிதக்கும் பனிக்கட்டி கல்லை அணைத்துக்கொண்டு வந்து, உருகும்போது சேற்றில் போட்டுவிடும். மூவரும் அந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் நின்றுகொண்டு இப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். ஐரோப்பாவிலேயே பனியுகக் கருத்து முழுதாக ஏற்கப்படாத காலம் அது.

இன்னொரு தடயம் மணற்கல்லில் இருந்தது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வெப்பமான, ஈரமான நாட்டில் சீக்கிரம் மக்கிக் களியாகிவிடும். சாலவாக்கத்துக் குவாரியின் மேலடுக்குக் கிராவல் கையில் பொடிவது அதனால்தான். தால்சேர் மணற்கல்லிலோ ஃபெல்ட்ஸ்பார் பளிச்சென்று, நேற்று உடைத்ததுபோல் இருக்கிறது. மக்கவிடாத குளிர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் நிலத்தின் மேல் பனிப்பாளம் படர்ந்ததா, வெறுமனே ஏரியில் பனிக்கட்டி மிதந்ததா என்ற சந்தேகம் நீடித்தது. 1872இல் ஃபெடன் என்ற ஆய்வாளர் இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே, பெண்கங்கா ஆற்றங்கரையில் இராய் என்னும் ஊருக்குப் பக்கத்தில் அதற்கு விடை கண்டார். தால்சேரில் கண்டதைப் போன்ற படுகைக்கு அடியிலிருந்த பழைய சுண்ணாம்புக் கல் வழுவழுப்பாக மெருகேறி, ஒரே திசையில் நீண்ட கோடுகள் கீறப்பட்டிருந்தது. அடிப்பரப்பில் கற்கள் பதிந்த பனிப்பாளம் உப்புத்தாளைப் போல நிலத்தைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால் மட்டுமே இந்தக் கோடுகள் விழும். மிதக்கும் பனிக்கு அந்த எடை கிடையாது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் இதேபோன்ற படுகைகள் அடுத்தடுத்துப் பதிவாயின. பின்னாளில் கண்டங்கள் நகர்ந்தன என்று வாதாட வந்த ஆல்ஃபிரட் வேகனர், இந்தப் பனிப்படுகைகளைத் தன் முக்கியச் சான்றுகளில் ஒன்றாக முன்வைத்தார். சிதறிக் கிடக்கும் நாடுகளில் ஒரே காலத்துப் பனியை எப்படி விளக்குவது? எல்லாவற்றையும் தென் துருவத்தைச் சுற்றி ஒட்டிவைத்தால் கணக்கு நேராகிவிடுகிறது.

1970களில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. களியும் பாறாங்கல்லும் கலந்த படுகை எல்லாமே பனியின் வேலை அல்ல. மலைச்சரிவில் சேறும் கல்லும் சரிந்து வந்தாலும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும் என்று ஷெர்மர்ஹார்ன் போன்றவர்கள் காட்டினார்கள். பழம்பனிப் படுகை என்று ஏட்டில் இருந்த பலவும் மறுவிசாரணைக்கு வந்தன. அதன்பின் தேய்ந்து தட்டையான முகங்கொண்ட கல், அதன் மேல் கீறல், மெல்லிய வண்டல் அடுக்கை மேலிருந்து குத்திக்கொண்டு இறங்கிய கல் என்று பல சாட்சிகள் சேர்ந்தால்தான் தீர்ப்பு. தால்சேர் அந்த விசாரணையில் தேறியது.

அடுத்தது தேதி. இங்கே அண்மைக்காலப் பனியும் பழங்காலப் பனியும் இரண்டு வெவ்வேறு உலகங்கள். அண்மைக்காலத்துக்குக் கருவிகள் நிறைய இருக்கின்றன, அவற்றின் கதையும் சுவையானது.

முதலில் எண்ணத் தொடங்கியவர் ஸ்வீடனின் ஜெரார்ட் டி யேர். உருகும் பனிப்பாளத்தின் முன்னால் தேங்கும் ஏரியில் கோடையில் வெளிர் மணல் படியும். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் கருத்த களி படியும். ஒரு வெளிர் பட்டையும் ஒரு கரும் பட்டையும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. பனி விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க, அடுத்த ஆண்டின் அடுக்கு இன்னும் வடக்கே போய்த் தொடங்கும். டி யேர் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு, செங்கல் சூளைக் குழிகளிலும் ரயில் பாதை வெட்டுகளிலும் இந்தப் பட்டைகளை அளந்து, ஓரிடத்து வரிசையை அடுத்த இடத்தோடு பொருத்தி, ஸ்காண்டிநேவியப் பனி ஊர் ஊராக எந்த ஆண்டில் விலகியது என்று 1910இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகப் புவியியல் மாநாட்டில் முன்வைத்தார். கதிரியக்கம் எதுவும் இல்லாமல், வெறும் அளவுகோலால். பின்னாளில் அந்த வரிசையில் பல நூறு ஆண்டுகள் விடுபட்டிருப்பது தெரியவந்தது. கடல் கடந்து கண்டங்களுக்கிடையே பட்டைகளைப் பொருத்திப் பார்த்த அவருடைய பேராசையும் எடுபடவில்லை. முறை மட்டும் நிலைத்தது. வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் இப்படி எண்ணிச் சேர்த்த 5,659 ஆண்டுகளின் தொடர் 2012இல் வெளியானது. அங்கே சுமார் 18,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 12,500 ஆண்டுகளுக்கு முன்வரை பனி பின்வாங்கியதன் நாட்குறிப்பு அது.

இரண்டாவது கருவி கரிமக் கணிப்பு. அமெரிக்காவின் மிஷிகன் ஏரிக்கரையில் டூ கிரீக்ஸ் என்ற இடத்தில், வண்டலுக்குள் ஒரு முழுக் காடே சாய்ந்து கிடக்கிறது. பனி ஒருமுறை விலகியதும் முளைத்த மரங்கள் அவை; பனி திரும்பி வந்தபோது அடியில் சிக்கின. அந்த மரத்துண்டுகளை வில்லார்டு லிபியின் ஆய்வகம் 1950 வாக்கில் அளந்தபோது கிடைத்த வயது சுமார் 11,400 ஆண்டுகள். அதுவரை அந்தக் கடைசி முன்னேற்றத்தை 25,000 ஆண்டுகள் என்று மதிப்பிட்டிருந்தவர்களுக்கு இது பேரதிர்ச்சி. வளிமண்டலக் கரிமத்தின் ஏற்ற இறக்கத்தைத் திருத்திக் கணக்கிட்டால் இன்று அது 13,700க்கு அருகில் வருகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளந்தது பனியின் வயதை அல்ல, மரத்தின் வயதை. பனி அதற்குப் பிந்தியது என்பது மட்டுமே அதில் உறுதி.

கல்லையே கேட்கும் முறை 1980களுக்குப் பிறகு வந்தது. இதற்கு நல்ல உதாரணம் சாலவாக்கத்துக்கு வடக்கே, எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள அத்திரம்பாக்கம். பனிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை, முறைக்கு உண்டு. விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள், வெங்கச்சங்கல் என்று ஊரில் சொல்லும் குவார்ட்ஸில் உள்ள ஆக்சிஜன் அணுக்களை உடைத்து பெரிலியம்-10 என்ற அபூர்வ அணுவை உண்டாக்கும். கடல் மட்டத்தில், துருவத்தை ஒட்டிய நிலங்களில் ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு நாலு அணு அளவில்தான் சேரும். சிலிக்கன் உடைந்து அலுமினியம்-26 உண்டாகும். பனி ஒரு பாறாங்கல்லைத் தேய்த்துப் புதுமுகத்தோடு வெளியில் விட்டுப் போனால், அந்த நாளிலிருந்து அணுக்கள் சேரத் தொடங்கும். சேர்ந்ததை எண்ணினால் பனி போன தேதி. கல் மண்ணுக்குள் புதைந்துவிட்டால் கடிகாரம் மறுபுறமாக ஓடும்: புதிதாகச் சேராது, இருப்பவை கரையும், அலுமினியம் பெரிலியத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கரையும். இரண்டுக்கும் உள்ள விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லிவிடும். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் அடையாளம் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் கற்கருவிகளை இந்தப் புதைவு முறையில் அளந்து, சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்ற வயதை 2011இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒரு கல்லிடம் இவ்வளவு நுட்பமாக யாரும் வயது கேட்டதில்லை என்றே சொல்லலாம்.

பனிக்கற்களிடம் கேட்கும்போது கல் பொய் சொல்வதும் உண்டு. பனியாறு ஒதுக்கிய குவியலில் மேலே உட்கார்ந்திருக்கும் கல், உண்மையில் உள்ளே புதைந்து கிடந்து, குவியல் சரிந்தபின் வெளியே வந்ததாக இருக்கலாம்; அப்போது வயது குறைந்து காட்டும். பனி எடுப்பதற்கு முன்பே மலைச்சரிவில் வெயில் காய்ந்த கல்லாக இருந்தால் வயது கூடிக் காட்டும். அதனால் ஒரே குவியலில் பல கற்களை அளந்து, கூட்டத்தோடு சேராததை ஒதுக்குகிறார்கள். எதை ஒதுக்குவது என்பதில்தான் சண்டையே.

இமயமலை இந்தச் சண்டைக்கு நல்ல களம். லூயிஸ் ஓவனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் லடாக்கில் சிந்து பள்ளத்தாக்கின் மிகப் பழைய பனிக்குவியல்களுக்கு 4.3 லட்சம் ஆண்டுகளுக்கும் கூடுதலான வயது கண்டார்கள். கங்கோத்ரிப் பகுதியில், மணல்துகள் கடைசியாக வெளிச்சம் கண்ட நாளைக் கணிக்கும் ஒளிர்வு முறையில், பாகீரதிப் பள்ளத்தாக்கை நிறைத்த பெரும் பனியாற்றின் உச்சக்கட்டம் சுமார் 63,000 ஆண்டுகளுக்கு முன் என்று வந்தது. உலகப் பனிப்பாளங்கள் உச்சத்தில் இருந்தது 26,500 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன்தான். இமயத்தின் பல பள்ளத்தாக்குகள் அந்த உச்சத்துக்கு முன்னதாகவே தம் பெருமழைக் காலத்தைக் கண்டு பெருத்தவை. உலகமே உறைந்தபோது பருவமழை பொய்த்ததால் பனியாறுகளுக்குத் தீனி கிடைக்கவில்லை. குளிர் மட்டும் போதாது, பனியாறு வளர மழையும் வேண்டும்.

தென்னிந்தியாவில் அப்போது பனியாறு கிடையாது. ஆனால் பனி போன சேதி இங்கேயும் வந்து பதிவாகியிருக்கிறது. நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்த கரிமண்ணை ஆர். சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் அளந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சொல்கிறது. வறண்ட காலத்துப் புல்லும் ஈரக் காலத்துச் செடியும் கரிமத்தை வேறு வேறு விகிதத்தில் சேர்த்துக்கொள்ளும். அந்த விகிதத்தை வைத்து, வடக்கே பனி உச்சத்தில் இருந்த காலத்தில் நீலகிரி வறண்டிருந்ததையும், பனி விலகியபின் பருவமழை பலப்பட்டதையும் படிக்க முடிகிறது. கடலும் சொல்கிறது: பனிப்பாளங்கள் உச்சத்தில் நீரைப் பிடித்து வைத்திருந்தபோது கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் கீழே. பாக் நீரிணை காய்ந்த தரை. ராமேசுவரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம்.

இத்தனை கருவிகளும் தால்சேர் வாசலில் கைகட்டி நின்றுவிடுகின்றன. வண்டல் பட்டைகள் தால்சேரிலும் உண்டு, எண்ணலாம். ஆனால் இன்றுவரை நீளும் தொடரில் அவற்றை இணைக்க வழியில்லை. கரிமம் 50,000 ஆண்டுகளுக்கு மேல் பேசாது. பெரிலியம் சில பத்து லட்சம் ஆண்டுகளில் கரைந்துவிடும். 30 கோடி ஆண்டு என்பது அவற்றின் கணக்கில் முடிவிலி.

அங்கே கைகொடுத்தவை சிப்பிகள். 1921இல் மத்தியப் பிரதேசத்தின் உமரியாவில், ரயில் பாதைக்காக வெட்டிய மேட்டில் கடல்வாழ் சிப்பிகள் நிறைந்த ஓர் அடுக்கை சினோர் என்பவர் கண்டார். கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இந்தியாவின் நட்டநடுவில். 1954இல் சத்தீஸ்கரின் மனேந்திரகரில், ஹஸ்தேவ் ஆற்றங்கரையில், பனிப் பாறாங்கல் படுகைக்குச் சற்று மேலேயே இன்னொரு கடல் அடுக்கு கிடைத்தது. அதில் யூரிடெஸ்மா என்ற தடித்த ஓட்டுச் சிப்பி இருந்தது. குளிர்ந்த நீரில் வாழ்ந்த இதே சிப்பி பாகிஸ்தானின் உப்புமலைத் தொடரிலும், ஆஸ்திரேலியாவிலும், பனிப் படுகைகளை ஒட்டியே வருகிறது. பனி உருகியது, கடல் உயர்ந்தது, பனியின் பாரத்தில் அமிழ்ந்திருந்த நிலத்துக்குள் கடல் நுழைந்தது, சிப்பி குடியேறியது. பனி போன நாளுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி இந்திய மண்ணில் வேறில்லை. சிப்பியின் குடும்பத்தை வைத்து அந்தக் காலத்தைப் பெர்மியன் யுகத்தின் தொடக்கம் என்று குறிக்கிறார்கள்.

சிப்பி இல்லாத இடங்களில் தூள். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தில் பல பத்தாண்டுகளாக நடந்த வேலை இது: களிப்பாறையை அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் மகரந்தத் தூளையும் வித்துத்தூளையும் நுண்ணோக்கியில் இனம்பிரிப்பது. பனிக்காலத் தால்சேர் களியில் சுற்றிலும் ஒரே காற்றுப்பை கொண்ட தூள்கள் மிகுதி. மேலே நிலக்கரி அடுக்குகளுக்குப் போகப் போக வேறு கூட்டம். இந்தத் தூளின் உதவியால்தான் தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் இடம் கிடைத்தது. பாலாற்றுப் படுகையில் ஆழத்தில் தால்சேர் காலத்து அடுக்குகள் உண்டு. 1990களில் காவிரிப் படுகையின் ஆழ்கிணறுகளிலும் பெர்மியன் தூள்கள் பதிவாயின. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இலைப் புதைபடிவங்கள் கிடைக்கும் படுகைகளை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை பனி போய்ப் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கும் பிந்தைய, வெதுவெதுப்பான காலத்துப் படிவுகள். பழைய கட்டுரைகள் சிலவற்றில் இரண்டையும் மேல் கோண்டுவானா, கீழ் கோண்டுவானா அடுக்குகள் என்று ஒரே மூச்சில் சொல்லிப் போவதால் வாசகர் தடுமாறுவது இயல்பு.

சிப்பியும் தூளும் வரிசையைச் சொல்லும்; எண்ணைச் சொல்லாது. எண்ணுக்கு எரிமலைச் சாம்பல் வேண்டும். சாம்பல் விழும்போதே ஜிர்கான் என்ற நுண்படிகத்தையும் கொண்டுவரும். அது உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. பிறகு அதில் இருக்கும் ஈயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். நமீபியாவின் கனிகோபிஸ் அருகே பனிக்கால அடுக்குகளுக்கு நடுவே விழுந்த சாம்பலை பாங்கர்ட் குழுவினர் 1999இல் அளந்தபோது 30.2 கோடி முதல் 29.9 கோடி ஆண்டு வரை வந்தது. பனிப் படுகைகள் முடிந்து அதன்மேல் படிந்த களிப்பாறையின் அடிப்பகுதிச் சாம்பல் சுமார் 29 கோடி. பனி போனது இந்த இரண்டுக்கும் நடுவே. பழம்பனியின் தேதிகள் எல்லாமே இப்படித்தான்: ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை, நடுவில் பனி.

இந்தியாவில் தால்சேர் அடுக்குக்குள் அப்படி அளக்கத்தக்க சாம்பல் கைக்கு வரவில்லை. இங்கே ஜிர்கான் இல்லை என்பதல்ல, ஏராளம். தால்சேர் மணற்கல்லை இடித்துச் சலித்தால் வண்டி வண்டியாக வரும். ஆனால் அது பனி அரைத்து எடுத்துவந்த பழைய பாறையின் ஜிர்கான். அதன் வயது 50 கோடி, 100 கோடி என்று தாய்ப்பாறையைத்தான் காட்டும். பனி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அழகாகப் பதில் சொல்லும். கிழக்குத் தொடர்ச்சி மலையையும் அண்டார்க்டிகாவையும் கைகாட்டும். எப்போது போனது என்று கேட்டால் மௌனம்.

இன்னொரு சிக்கல், பனி ஒரே தடவையில் போகவில்லை. கோண்டுவானா முழுவதையும் ஒரே ராட்சதப் பனிப்பாளம் மூடியது என்பது 1970கள் வரை ஓங்கியிருந்த சித்திரம். கிழக்கு ஆஸ்திரேலியாவை ஆராய்ந்த ஃபீல்டிங்கும் சகாக்களும் 2008இல் அங்கே மட்டும் எட்டுத் தனித்தனிப் பனிக்காலங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் 10 லட்சம் முதல் 80 லட்சம் ஆண்டுகள். தென் அமெரிக்காவில் பனி முன்னதாகப் போயிற்று, ஆஸ்திரேலியாவில் வெகுகாலம் திரும்பத் திரும்ப வந்தது. அப்படியிருக்க, நமீபியாவின் தேதியை அப்படியே தூக்கி ஒடிசாவில் வைப்பது எந்த அளவுக்குச் சரி? தூள்களையும் சிப்பிகளையும் வைத்து இரண்டையும் பொருத்தலாம் என்பது உண்மை. ஆனால் சிப்பி ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் பரவ எடுத்துக்கொண்ட காலம் அந்தப் பொருத்தத்தில் காணாமல் போகிறது. இந்தியப் பாடநூல்கள் தால்சேரின் வயதை அச்சிடும்போது இந்த இடைவெளியையும் அச்சிட்டால் மாணவருக்கு நல்லது.

இந்தத் தேதி ஏட்டுச்சுரைக்காய் அல்ல. பனி விலகிய பள்ளங்களில் சதுப்புகள் பெருகி, குளோசாப்டெரிஸ் இனக் காடுகள் செழித்து, புதைந்து, நிலக்கரியாயின. அந்தத் தால்சேர் வயலின் நிலக்கரிதான் பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலேறி எண்ணூருக்கு வந்து அனல்மின் நிலையங்களில் எரிகிறது. சாலவாக்கத்து கிரஷர் ஓடும் மின்சாரத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. காடு எவ்வளவு சீக்கிரம் பனியின் இடத்தைப் பிடித்தது, உலகம் பனியுகத்திலிருந்து வெப்பத்துக்கு மாற எத்தனை லட்சம் ஆண்டு எடுத்துக்கொண்டது என்பதற்கெல்லாம் விடை, பனி போன தேதியைச் சரியாகப் பிடிப்பதில் இருக்கிறது.

தேதி எவ்வளவு கடன்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு. தால்சேர், பெர்மியன் தொடக்கம் என்பது நெடுநாளாக மாறவில்லை. ஆனால் அந்தத் தொடக்கத்தின் ஆண்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆர்தர் ஹோம்ஸ் 1959இல் வகுத்த காலக்கணக்கில் 27 கோடி. 1964இல் 28 கோடி. 1982இல் 28.6 கோடி. இன்று 29.89 கோடி. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் தால்சேர் கல்லுக்கு மூன்று கோடி ஆண்டு வயது கூடிவிட்டது, அதை யாரும் தொட்டு அளக்காமலே. இப்போதைய எண் வந்தது ரஷ்யாவின் யூரல் மலைத் தென்பகுதியின் எரிமலைச் சாம்பலிலிருந்து.

ஆக, உள்ளூர்ச் சாம்பல் வேண்டும். நிலக்கரிக்காக இந்தியா போட்டிருக்கும் ஆழ்துளைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் துளையிடுபவர்கள் பச்சைக் களிப்பாறை தென்பட்டதும் பொதுவாகத் துரப்பணத்தை நிறுத்திவிடுவார்கள்; அதற்குக் கீழே நிலக்கரி கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும், அடுத்த அடிக்குச் செலவழிக்க எந்த மேலாளரும் கையெழுத்துப் போடமாட்டார். பனிக்காலத்தில் விழுந்த சாம்பல் எங்காவது ஒரு விரல் தடிமனில் மிஞ்சியிருந்தால், அது துரப்பணம் நின்ற அந்த இடத்துக்குக் கீழேதான் கிடைக்கும்.